ஹோம்புஷில் ஒரு செய்திப் பெடியன்

நான் ஒரு செய்திச் சேவை நடத்துகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் அடுத்ததாக "எந்தப் பத்திரிகை?" என்பார்கள். பத்திரிகை ஒன்றும் இல்லை. நிருபர், ஆசிரியர், அச்சகம் எதுவும் கிடையாது. வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன வழங்கி, அதில் ஓடும் இரண்டாயிரம் வரிக்குக் குறைவான பைத்தன் நிரல், அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்ள நான். இலங்கை, தமிழ்நாடு, அவுஸ்திரேலியச் செய்தித் தளங்களை அந்த நிரல் ஓயாமல் எட்டிப் பார்க்கும். புதிதாக ஏதாவது வந்திருந்தால் தலைப்பையும் சுட்டியையும் எடுத்து, கேட்டவருடைய கைபேசிக்கு உடனடிச் செய்தியாக அனுப்பிவிடும். நூற்றுச் சொச்சம் பேர் இதைப் பெறுகிறார்கள். பெரும்பாலோர் ஹோம்புஷ், ஸ்ட்ராத்பீல்ட், வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில் பக்கத்தவர்கள். மெல்பேர்னில் ஒரு சிலர்.

என் முதல் சந்தாதாரர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரை மாஸ்ரர் என்பார்கள். சேவை தொடங்கிய காலத்தில் ஒருநாள் ஹோம்புஷ் ரயில் நிலையத்தடிப் பலசரக்குக் கடையில் என்னைக் கண்டு, "தம்பி, உன்ர பெடியன் ரெண்டு நாளாக் கதைக்கேல்லை. சுகமில்லையோ?" என்றார். பக்கத்தில் கருவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, எனக்குப் பிள்ளை இருக்கிறதா என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அன்றிலிருந்து நிரலுக்குப் பெயர் பெடியன் என்றே நிலைத்துவிட்டது. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பெடியன் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள முதலில் செய்தியோடை என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். ஒரு செய்தித் தளத்தின் முகப்பை நாம் பார்க்கும்போது படம், விளம்பரம், பட்டிமன்ற அறிவிப்பு எல்லாம் கலந்து கிடக்கும். எது இன்றைய செய்தி, எது நேற்றையது என்று கண்ணுக்குத் தெரியும்; கணினிக்குத் தெரியாது. ஆகவே தளத்தார் அதே செய்திகளை அலங்காரம் எதுவும் இல்லாமல், தலைப்பு, சுட்டி, நேரம், சுருக்கம், ஓர் அடையாளக் குறி என்று வரிசைப்படுத்தி இன்னொரு கோப்பிலும் எழுதி வைக்கிறார்கள். கடைக்குள்ளே எத்தனை சாமான் இருந்தாலும் வாசலில் ஒரு பலகையில் "இன்று வந்தவை" என்று எழுதிப் போடுவார்களே, அதுபோல. அந்தக் கோப்புத்தான் செய்தியோடை. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புத் தளத்துக்காக இதை உருவாக்கியது. 2002இல் ஆர்.எஸ்.எஸ். 2.0 வந்தது. பிறகு ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் 2005 டிசம்பரில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. இவற்றுக்குள் நடந்த குடுமிப்பிடிச் சண்டை தனிக் கதை. நமக்கு இரண்டும் ஒன்றுதான்.

பலகையைப் போய்ப் பார்ப்பது எப்படி? பெடியன் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போகிறான். போகும்போது முழுக் கோப்பையும் கேட்பதில்லை. "நான் கடைசியாகப் பார்த்தபிறகு ஏதாவது மாறியதா?" என்று மட்டும் கேட்கிறான். மாறவில்லை என்றால் வழங்கி 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். சில நூறு பைட்டுகளோடு பேச்சு முடிந்தது. ஆளே இல்லாமல் ஒருவர் இரவுவேளையில் நடத்தும் சிறு தமிழ்த் தளங்களுக்கு இது பெரிய உபகாரம். நூறு சந்தாதாரர்கள் இருந்தாலும் பெடியன் ஒரே ஒரு தடவைதான் கதவைத் தட்டுகிறான். இந்த மரியாதையைக் கடைப்பிடிக்காத நிரல்கள் நிறைய உண்டு. அவற்றால்தான் சில தளங்கள் ஓடையையே மூடிவிட்டன.

தமிழையும் கணினியையும் சேர்த்துவைப்பதில் சிட்னிக்குப் பழைய உறவு உண்டு. 1990களின் நடுப்பகுதியில், தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு விதமாக இருந்த காலத்தில், பாலா பிள்ளை இங்கிருந்துதான் தமிழ்.நெட்டை நடத்தினார். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைக் கணினியில் நிறுவிக்கொண்டு, உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் மின்னஞ்சலில் தமிழில் எழுதிக்கொண்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கு முதலில் கை கொடுத்தவர்களில் பலர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியபோது செய்தியோடை என்ற சொல்லும் பரவலாயிற்று. நான் இவற்றுக்கெல்லாம் பிந்தி வந்தவன். 2010இல் பொறியியல் முதுகலைப் படிப்புக்காகச் சிட்னி வந்தேன். ஹோம்புஷில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீடு. மற்ற மூவரும் இரவுவேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் நானும் ஒரு பழைய மடிக்கணினியும். 2011 குளிர்கால விடுமுறையில் பெடியன் பிறந்தான்.

அப்போது எல்லோரிடமும் கூகிள் டாக் இருந்தது. கூகிள் அதை 2005 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் அடியில் ஓடிய நெறிமுறை கூகிளுடையதல்ல. ஜெரமி மில்லர் என்பவர் 1999 ஜனவரியில் அறிவித்த ஜாபர், எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் 2004 அக்டோபரில் பொதுத் தரமாகியிருந்தது. 2006 ஜனவரியில் கூகிள் மற்ற வழங்கிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. அதாவது, ஜிமெயிலில் இருப்பவருக்கு யாகூவில் இருப்பவர் மின்னஞ்சல் அனுப்பலாம் என்பது போல, என் மடிக்கணினியில் ஓடும் வழங்கியிலிருந்து கூகிள் டாக்கில் இருக்கும் மாஸ்ரருக்கு நேரே செய்தி போகும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பதிவு செய்ய வேண்டியதில்லை. மாஸ்ரர் தன் நண்பர் பட்டியலில் பெடியனைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அந்த நெறிமுறையில் 'இருப்பு' என்று ஒன்று உண்டு. ஒருவர் இணைப்பில் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா, தொந்தரவு செய்யாதே என்று போட்டிருக்கிறாரா என்பது மற்றவருக்குத் தெரியும். ஜாபர் வலையில் எனக்கு முன்பே இயங்கிய ஜாப்-ஆர்.எஸ்.எஸ். என்ற சேவையைப் பார்த்துத்தான் இதன் அருமை விளங்கியது. பச்சை விளக்கு எரிந்தால் மட்டும் செய்தியைச் சொல்; இல்லாவிட்டால் காத்திரு. மாஸ்ரர் காலையில் கணினியைத் திறந்ததும் இரவு வந்தவற்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு வரவர ஒவ்வொன்றாக. இப்போதைய கைபேசிச் செயலிகளில் அந்த நாகரிகம் இல்லை. நடுச்சாமமானாலும் 'டிங்'.

2013 மே மாதம் கூகிள் ஹேங்அவுட்ஸை அறிவித்தது. அதற்கு மாறியவர்களுக்கு வெளி வழங்கிகளிலிருந்து செய்தி போகவில்லை. பிழைச் செய்தி எதுவும் எனக்கு வரவில்லை என்பதுதான் கொடுமை. "புதியதுக்கு மாறுங்கள்" என்ற பொத்தானை யாராவது அழுத்தினால், அவர் என் பட்டியலில் நிரந்தரமாக வெளியே போனவர்போலத் தெரிவார். பெடியன் அவருக்காகச் செய்திகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தான். ஒருவருக்கு நானூறு தலைப்புகள் குவிந்திருப்பதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று கூகிள் ரீடரும் மூடப்பட்டது. ஓடை வாசிப்பு என்ற பழக்கமே அத்தோடு பலருக்கு விட்டுப்போயிற்று. 2014 மே 19இல் எக்ஸ்.எம்.பி.பி. வழங்கிகளை நடத்துவோர் பலர், தங்களுக்கிடையே போகும் செய்திகளை மறையாக்கம் செய்தே தீருவது என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு, ஸ்னோடன் வெளியிட்டவற்றைப் படித்தபிறகு வேறென்ன செய்வது? கூகிள் தன் பக்கத்தில் அதைச் செய்திருக்கவில்லை. எஞ்சியிருந்த இழையும் அறுந்தது.

ஓராண்டு பெடியன் கிட்டத்தட்ட வேலையில்லாமல் இருந்தான். 2015 ஜூனில் டெலிகிராம், தானியங்கிகளுக்கான வழியைத் திறந்தது. வார இறுதி இரண்டில் நிரலை மாற்றி எழுதி, கடைக்கார அண்ணையிடம் சொல்லிவைத்து, பழைய ஆட்களை ஒவ்வொருவராகத் திரும்பப் பிடித்தேன். "ஏன் வாட்ஸ்அப்பில் தரக்கூடாது?" என்று கேட்காதவர் இல்லை. வாட்ஸ்அப் 2018இல் நிறுவனங்களுக்கு ஒரு வழி கொடுத்தது. ஆனால் ஒருவர் நமக்குக் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்பு வாசகத்தைத்தான் அனுப்பலாம். அதற்குக் காசு. நாளை என்ன நடக்கும் என்று இன்றைக்கே எழுதி ஒப்புதல் வாங்கச் செய்திக்காரனால் முடியுமா? டெலிகிராமும் ஒரு தனியார் வீடுதான், திண்ணையில் இருக்கவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏ.ஐ.எம். 2017 டிசம்பரிலும், யாகூ மெசஞ்சர் 2018 ஜூலையிலும், ஐ.சி.கியூ. 2024 ஜூனிலும், ஸ்கைப் 2025 மேயிலும் போய்ச் சேர்ந்தன. ஆகவே பழைய எக்ஸ்.எம்.பி.பி. வழியையும் இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன். அதில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது குழாய் வேலை. குழாயில் தமிழ் ஓடத் தொடங்கும்போதுதான் உண்மையான சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, வெட்டுவது. குறுஞ்செய்திப் பழக்கத்தில் நான் தலைப்புகளை ஒரு நீளத்துக்கு மேல் வெட்டி மூன்று புள்ளி வைத்தேன். கணினிக்குத் தமிழ் மெய்யெழுத்து ஒவ்வொன்றும் இரண்டு குறிகள். எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று. இரண்டுக்கும் நடுவே வெட்டினால் புள்ளி விழுந்துவிடும். 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். இது சிரிப்பான பிழை. சிரிக்க முடியாத பிழை வேறு. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பு வினைக்கும் கடைசியில் வருகிறது. ஆங்கிலத் தலைப்பின் வாலை வெட்டினால் பெரும்பாலும் நாளோ இடமோ போகும். தமிழ்த் தலைப்பின் வாலை வெட்டினால் 'விடுதலை செய்யப்படவில்லை' என்பது 'விடுதலை செய்யப்பட…' என்று நிற்கும். இப்படி ஒன்று உண்மையிலேயே போய், சிறையிலிருக்கும் மருமகனுக்காகக் காத்திருந்த ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். அன்றைக்கே வெட்டுவதை நிறுத்தினேன். நீளமானால் நீளமாகவே போகட்டும். டெலிகிராமில் ஒரு செய்திக்கு 4096 குறிகள்வரை இடமிருக்கிறது.

இரண்டாவது, ஒரே செய்தியை இரண்டு தடவை சொல்லாமல் இருப்பது. ஒரே தலைப்பை மூன்று தளங்கள் அப்படியே எடுத்துப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டு தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்தால் போதும் என்று நினைத்தேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றல்ல. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னே கொம்பு பின்னே கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. இதைச் சமன்செய்ய ஒருங்குறியிலேயே விதி இருக்கிறது. நிரலில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. 'ஔ' என்ற உயிரெழுத்துக்குப் பதில் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடுகிறவர்களுக்கு அந்த விதி உதவாது. மிகவும் படுத்தியது 'ஸ்ரீ'. 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பில், கிரந்த வரிசையில் விடுபட்டிருந்த ஶ சேர்க்கப்பட்டது. அதன்பின் ஸ்ரீயை அந்த எழுத்தைக் கொண்டு எழுதுவதே முறை என்றாயிற்று. ஆனால் பழையபடி ஸகரத்தைக் கொண்டு எழுதினாலும் அதே வடிவம்தான் திரையில் வரும். விசைப்பலகைக்கு விசைப்பலகை வழக்கம் வேறு. ஸ்ரீலங்கா என்ற சொல் ஒரு நாளைக்கு எத்தனை தலைப்பில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணும்படி நானே ஒரு சிறு பட்டியல் எழுதிச் சேர்த்தேன்.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. பெடியனிடம் சொற்களைக் கொடுத்து வைக்கலாம். அந்தச் சொல் வரும் செய்திகளை மட்டும் அனுப்புவான். மற்றவர்கள் கட்சிப் பெயர், நடிகர் பெயர் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தவை பெரும்பாலும் ஊர்ப் பெயர்கள். காரணம் மரண அறிவித்தல்கள். நம்மவர்கள் பல தேசங்களில் சிதறிப் போனபின், யார் எங்கே இறந்தார் என்பதை அறிய இணையத்து மரண அறிவித்தல்தான் வழி. 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் அந்த வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம். மாஸ்ரரும் தன் ஊரைக் கொடுத்தார்: நல்லூர்.

நான் எழுதியிருந்த நிரல் 'நல்லூர்' என்ற குறித்தொடரை அப்படியே தேடியது. அறிவித்தலில் வருவதோ 'நல்லூரைப் பிறப்பிடமாகவும்'. ர் என்பதன் மேல் ஐ ஏறியதும் புள்ளி போய் ரை ஆகிவிட்டது. இலக்கணத்தில் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று பள்ளிக்கூடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். நிரல் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. மாஸ்ரரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் மெல்பேர்னில் இறந்தபோது, அறிவித்தல் ஓடையில் வந்தது, பெடியன் வாசித்தான், பொருந்தவில்லை என்று விட்டுவிட்டான். மாஸ்ரர் விஷயத்தை அறிந்தது அந்தியேட்டிக்கு வந்த ஓர் உறவினர் மூலம். ஒரு மணித்தியாலத்துச் சொச்ச விமானப் பயணம், தெரிந்திருந்தால் போயிருப்பார். என்னைக் கோபிக்கவில்லை. "அதுக்காகத்தானே தம்பி நான் உன்னட்டை ஊர்ப் பேர் தந்தனான்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு உட்கார்ந்து வேற்றுமை உருபுகளுக்காகப் பெயர்களின் ஈற்றைக் கழற்றும் பகுதியை எழுதினேன். மெய்யில் முடிந்தால் புள்ளியை எடு. மட்டக்களப்பு, வல்வெட்டித்துறை என்று உயிரில் முடிந்தால் உகரம் கெடுமா, யகர உடம்படுமெய் வருமா என்று பார். யாழ்ப்பாணம் போன்று மகரத்தில் முடிந்தால் 'த்து' வரும். நன்னூல் புணரியலை நிரலாக்கியது போலத்தான். ஓரளவு வேலை செய்தது. ஆனால் ஈற்றைத் தளர்த்தினால் வேண்டாதவையும் உள்ளே வரும். மன்னாரைச் சேர்ந்த ஒருவர் தன் ஊரைக் கொடுத்திருந்தார். 2016 டிசம்பரில் ஜெயலலிதா காலமாகி, 2017 பெப்ரவரியில் சசிகலா சிறைக்குப் போகும்வரை அவருக்கு வந்த செய்திகளுக்குக் கணக்கில்லை. எல்லாம் மன்னார்குடி! "தம்பி, நான் மன்னார்தான். மன்னார்குடி எனக்கு எந்த வழியிலயும் சொந்தமில்லை" என்று எழுதினார். இப்போது விலக்குச் சொற்களும் கொடுக்கலாம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் காலை எட்டேமுக்காலுக்கு முதல் குண்டு வெடித்தபோது சிட்னியில் பிற்பகல் ஒன்றேகால். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என்று இடங்கள் வரவர, எல்லோர் வீட்டிலும் தொலைபேசியும் கையுமாக நின்றார்கள். அன்றே இலங்கையில் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. ஊரோடு பேச முடியாத நேரத்தில் பெடியன் அனுப்புவதுதான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பெடியனோ அன்று மிக மோசமாக நடந்துகொண்டான். தளங்கள் ஒரே செய்தியின் தலைப்பில் எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தன. அடையாளக் குறி அதேதான், தலைப்பு மாறுகிறது. தலைப்பு மாறினால் புதுச் செய்தி என்று நான் எழுதியிருந்ததால், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கூடிய எண்ணோடு எல்லோர் கைபேசியும் அதிர்ந்தது. மட்டக்களப்பு அக்கா ஒருவர் "தயவுசெய்து நிப்பாட்டுங்கோ" என்று ஒரு வரி அனுப்பினார்.

மாலைக்குள் மாற்றினேன். டெலிகிராமில் முன்பு அனுப்பிய செய்தியைப் பிறகு திருத்தலாம். ஆகவே அதே குறியோடு தலைப்பு மாறி வந்தால் புதிதாக அனுப்பாதே, பழையதைத் திருத்து என்றேன். அமைதி திரும்பியது. எனக்கும் பெருமைதான். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, இலங்கைச் சுகாதார அமைச்சு இறந்தோர் எண்ணிக்கையை 359இலிருந்து 253 ஆகக் குறைத்தது. சிதறிய உடல்களை எண்ணியதில் தவறு என்றார்கள். நூறு பேருக்கு மேல் வித்தியாசம். பெடியன் ஒழுங்காகப் பழைய செய்தியைத் திருத்தினான். ஆனால் திருத்தத்துக்கு ஒலி கிடையாது. தவறான எண் ஒவ்வொரு தடவையும் மணி அடித்துக்கொண்டு போயிற்று; சரியான எண் சத்தமில்லாமல் நான்கு நாள் பழைய செய்தியில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் கடையில் நின்றவர்கள் 359 என்றே கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்தது நான்.

இப்போது விதி இப்படி இருக்கிறது: எண் கூடினால், சொற்கள் திருத்தப்பட்டால், சத்தமில்லாமல் மாற்று. எண் குறைந்தால், அல்லது தலைப்பில் 'இல்லை', 'மறுப்பு', 'தவறு' போன்ற சொற்கள் புதிதாக வந்தால், 'திருத்தம்' என்று தொடங்கி மணியோடு புதுச் செய்தியாக அனுப்பு. தளம் சத்தமில்லாமல் செய்தியை அகற்றிவிட்டால் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஓடையில் கடைசிப் பத்து இருபது செய்திகள்தான் இருக்கும். ஒன்று காணாமல் போனால் அது பழையதாகி விழுந்ததா, பொய் என்று எடுக்கப்பட்டதா என்று எப்படி அறிவது? அதே காரணத்தால் பெடியன் ஒரு பகல் படுத்துவிட்டாலும் அந்தப் பகலின் செய்திகள் திரும்ப வரா.

2021 பெப்ரவரி 18 காலை அவுஸ்திரேலியாவில் எழுந்தவர்களுக்கு பேஸ்புக்கில் செய்தியே இல்லை. செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்தோடு இழுபறி நடந்து, அந்நிறுவனம் இந்நாட்டுச் செய்திப் பக்கங்கள் அனைத்தையும் வெறுமையாக்கிவிட்டது. எஸ்.பி.எஸ். வானொலியின் தமிழ்ப் பக்கமும் தப்பவில்லை. வானிலை மையத்தின் பக்கமும் சில சுகாதாரத் துறைப் பக்கங்களும்கூட அகப்பட்டுக்கொண்டன. தடுப்பூசி போடத் தொடங்க நான்கு நாட்களே இருந்த நேரம். தளங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையாகப் பேஸ்புக்கை மட்டும் பழகியவர்களுக்குத்தான் வழி தெரியவில்லை. எஸ்.பி.எஸ். தமிழின் ஒலிப்பதிவுகள் ஓடையில் வந்துகொண்டிருந்தன, பெடியன் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த ஒரு வாரத்தில் சேர்ந்தவர்கள் அதற்கு முந்தைய ஓராண்டில் சேர்ந்தவர்களைவிட அதிகம். பாதிப் பேர் பேஸ்புக் திரும்பியதும் நின்றுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, என்னிடம் இருக்கும் பட்டியல் பற்றி. யார் எந்த ஓடையைக் கேட்டார், எந்தச் சொல்லைக் கொடுத்தார் என்பது என் வழங்கியில் இருக்கிறது. சிட்னியில் இருப்பவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் தமிழ்நெட் தளம் 2007 ஜூனில் இலங்கையில் முடக்கப்பட்டது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பேஸ்புக் பதிவுக்காகக் கைதானவர்கள் இருக்கிறார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லைக் கொடுத்தவர்கள் என் பட்டியலில் ஒருவர் இருவர் அல்ல. அவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள். ஆகவே யாருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் நான் வாங்குவதில்லை. டெலிகிராம் தரும் ஓர் எண் மட்டும் போதும். எந்தச் செய்தி போயிற்று என்பதை ஓடை வாரியாக வைத்திருக்கிறேன், ஆள் வாரியாக இல்லை. 'நிறுத்து' என்று ஒருவர் எழுதினால் அவருடைய வரிசை அப்போதே அழிந்துவிடும். இன்னொன்றையும் சேருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: டெலிகிராமில் தானியங்கியோடு நடக்கும் பேச்சு முனைக்கு முனை மறையாக்கப்பட்டதல்ல. அந்த நிறுவனம் நினைத்தால் படிக்கலாம். இதைக் கேட்டுச் சேராமல் போனவர்கள் உண்டு. அவர்களில் இருவர் பழைய எக்ஸ்.எம்.பி.பி. வழிக்கு வந்தார்கள்.

ஞாயிறு இரவுகளில் எந்த ஓடை ஊமையாகிவிட்டது என்று பார்ப்பேன். 404 என்றால் முகவரி மாறியிருக்கலாம்; தேடிப் பார்க்க வேண்டும். 410 என்றால் தளமே "இனி இல்லை" என்று சொல்கிறது. அதை நீக்கிவிட்டு, கேட்டவர்களுக்கு ஒரு வரி எழுதுவேன். மாஸ்ரர் முதன்முதலில் கேட்ட கேள்வி இந்த வேலையில்தான் அடிக்கடி நினைவுக்கு வரும். பெடியன் பேசாமல் இருந்தால், செய்தி இல்லையா, பெடியனே இல்லையா என்று மறுபக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு சின்ன வசதி வைத்திருக்கிறேன். "இருக்கிறியோ?" என்று எழுதினால், கடைசியாக எத்தனை நிமிடத்துக்கு முன் எத்தனை ஓடைகளைப் பார்த்தான், எத்தனை திறக்கவில்லை என்று பதில் வரும். ஆள் வாரிப் பதிவு இல்லாததால் யார் கேட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் காலை ஐந்தரைக்கு யாரோ ஒருவர் கேட்கிறார். மாஸ்ரர் எழும்பும் நேரம் ஐந்தரை.